அவரோடு போன வாக்கு

அன்பிற்குரியவளுக்கு,

நான் நலம். உன் கண் எரிச்சல் குறைந்ததா?

உன் கண் அறுவை சிகிச்சைக்கு வர எனக்கு விடுப்புத் தருவதாகச் சொன்ன மேலாளர் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர், “அவரு சொன்னது அவரோட போச்சு சார்” என்கிறார். ஆட்சி மாறும், அரசு மாறாது; போனவர் கொடுத்த வாக்கு வந்தவரையும் கட்டும் என்று அரசியல் பாடத்தின் அரிச்சுவடியை விளக்கினேன். “சார், இது குடோன். நாடு இல்ல” என்றார். பக்கத்தில் இருப்பேன் என்று உனக்கு நான் கொடுத்த வாக்கையும் ஒரு கொட்டாவியில் ரத்து செய்துவிட்டார். நான் குரலை உயர்த்தவில்லை, கவலைப்படாதே.

சிகிச்சையைத் தள்ளிப்போடாதே, உன் தம்பியைத் துணைக்கு வைத்துக்கொள். கட்டுப் பிரிக்கும்போது என் படத்தை எதிரே வைக்கச் சொல். ஊரில் இல்லாத தலைவருக்குப் பதில் படம்தானே ஆட்சி செய்கிறது!

வேலைக்கு மணி அடித்துவிட்டது.

உன் கணவன்