டாக்டரிடம் சொல்லக் கூடாதது

நவம்பர் 4, திங்கள்

இன்றும் காப்பியை மொட்டை மாடிக்கு எடுத்துப்போய்க் குடித்தேன். தூறல் விழுந்து டம்ளரில் பாதி தண்ணீர். காப்பி வாசனை பட்டால் பேத்தி ஸ்நேஹாவின் ஹோமியோபதி உருண்டைகளுக்குச் சக்தி போய்விடுமாம். லஸ் பக்கம் ஹோமியோபதி பார்க்கும் கங்காதரன் டாக்டரின் கட்டளை. அதனால் வீட்டில் பச்சை வெங்காயம் இல்லை. பூஜையில் கற்பூரமும் இல்லை.

அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உருண்டையில் எனக்கு நம்பிக்கை கிடையாது. மகள் ஜானுவுக்கு இருக்கிறது. நம்பிக்கை என்பதைவிடப் பயம். ஆறு வயதுக் குழந்தைக்கு வீசிங் என்று தினமும் ஸ்டீராய்டு இன்ஹேலர். ஸ்டீராய்டு என்ற அந்த ஒரு சொல் ஜானுவைப் படுத்தி எடுக்கிறது. உருண்டை ஆரம்பித்ததும் இன்ஹேலரை நிறுத்திவிட்டாள். இன்ஹேலர் எழுதிக்கொடுத்த அடையாறு டாக்டருக்கு இது தெரியாது.

நவம்பர் 7, வியாழன்

அடையாறு டாக்டர் வெங்கடரமணனிடம் போனோம். எங்களுக்கு முன்னால் ஒரு பெண், கைக்குழந்தையோடு. ஏதோ வசம்பு உரைத்துக் கொடுத்தேன் என்றிருக்கிறாள். கதவு திறந்தே இருந்தது.

"அப்ப இங்க எதுக்கும்மா வந்தீங்க? நாட்டு மருந்துக் கடைக்காரனையே ஸ்டெத் வெச்சுப் பாக்கச் சொல்லுங்க."

நர்ஸும் சிரித்தாள். அந்தப் பெண் குழந்தையின் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு எங்களைக் கடந்து போனாள்.

அடுத்து நாங்கள்.

"இன்ஹேலர் ஒழுங்கா போகுதா?"

"போகுது டாக்டர்."

"வேற ஏதாவது குடுக்கறீங்களா?"

"இல்லை."

மேஜைக்குக் கீழே ஜானு குழந்தையின் கையை அமுக்கிப் பிடித்திருந்தாள்.

ஸ்டெத்தை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னும் வீஸ் இருக்கே" என்று இன்ஹேலர் அளவை இரட்டிப்பாக்கினார். கொடுக்காத மருந்துக்கு இரட்டிப்பு! பலகையிலிருந்து முதல் எண்ணைத் தப்பாக எழுதிக்கொண்ட பையன் அப்புறம் எவ்வளவு சரியாகப் பெருக்கினால்தான் என்ன?

நவம்பர் 8, வெள்ளி

"அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடு" என்றேன் ஜானுவிடம்.

"அந்தப் பொண்ணை எப்படிக் கிழிச்சார்னு நீயும்தானே பார்த்தே?"

பார்த்தேன்தான். தப்பான பதில் சொன்ன பிள்ளையைப் பார்த்து ஒரு தடவை சிரித்துவிட்டால், அது அந்த வருஷம் முழுக்கக் கை தூக்காது. வகுப்பில் எத்தனை பார்த்திருக்கிறேன். ஆனாலும் படித்த மனுஷர், நாமே போய் நிஜத்தைச் சொன்னால் யோசிக்க மாட்டாரா?

அரை மனதாகச் சம்மதித்தாள்.

நவம்பர் 12, செவ்வாய்

சொன்னோம்.

பேனாவை மூடினார். என்னைப் பார்த்தார். "சயின்ஸ் வாத்தியார் வீட்டுலயே சர்க்கரை உருண்டையா? உங்ககிட்டப் படிச்ச பசங்கள நினைச்சா பாவமா இருக்கு சார்."

அதைப் பொறுத்துக்கொண்டேன். அடுத்து ஃபைலை எங்கள் பக்கம் தள்ளினார். "இனிமே இந்தக் குழந்தையை நான் பாக்கறதா இல்லை. அவரே பாக்கட்டும்."

அவ்வளவுதான். இன்றைக்கே இன்ஹேலரை ஆரம்பி என்று சொல்லவில்லை. இழுக்கும் மருந்து பெரும்பாலும் நுரையீரலோடு நிற்கும், நீ பயப்படுகிற அளவுக்கு இல்லையம்மா என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? எங்களைத் திட்ட மட்டும் அவருக்கு நேரம் இருந்தது.

ஆட்டோவில் ஜானு ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "திருப்தியா?"

நவம்பர் 13, புதன்

கங்காதரனுக்குப் போன் பண்ணி, இன்ஹேலரும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று ஜானு கேட்டாள். "இங்கிலீஷ் மருந்தைத் தொட்டீங்கன்னா அப்புறம் நான் பொறுப்பில்லை" என்று போனை வைத்துவிட்டார்.

இவரும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

நவம்பர் 16, சனி

ஸ்நேஹாவுக்கு இருமல். விலா உள்வாங்குகிறது. அலமாரியிலிருந்து இன்ஹேலரை எடுத்து நீட்டினேன்.

"எவ்வளவு கொடுக்கணும்? பழைய அளவா, அவர் ஏத்தினதா? நிறுத்தி ஒரு மாசம் ஆச்சு, திடீர்னு கொடுக்கலாமா? யாரைக் கேக்கறது, சொல்லேன்பா!"

இன்ஹேலரை மறுபடி அலமாரியில் வைத்தேன். தி. நகரில் வேறொரு டாக்டரிடம் கேட்டோம், திங்கட்கிழமைதான் நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

நவம்பர் 18, திங்கள்

திங்கட்கிழமை வரை தாங்கவில்லை. நேற்றுக் காலை ஸ்நேஹாவுக்குப் பேச்சு வரவில்லை. உதடு நீலம். ஐயோ, அந்த உதடு—

தெருமுனை ஆட்டோ டில்லிபாபு, "எந்த ஆஸ்பத்திரின்னு யோசிச்சுக்கினு நிக்காத சார், கொயந்தைக்கு மூச்சு வாங்குது, ஏறு!" என்று கத்தினார். மாப்பிள்ளை பெங்களூரிலிருந்து பஸ் பிடித்து வருவதற்குள் ஐசியூவில் சேர்த்திருந்தார்கள்.

இன்று கொஞ்சம் தேவலை. வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இன்ஹேலரை நிறுத்தியதை மட்டும் சேர்க்கும்போதே நான் சொல்லியிருந்தேன். ட்யூட்டி டாக்டர், டயானா என்று பெயர், சின்னப் பெண், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள். "வீட்டுல வேற ஏதாவது குடுத்தீங்களாம்மா?"

ஜானு என்னைப் பார்த்தாள். "இல்லை" என்றாள்.

மாஸ்கைக் கீழே இழுத்துக்கொண்டு ஸ்நேஹா: "வெள்ளை மிட்டாய் குடுத்தா. ஆனா டாக்டர்ட்ட சொல்லப்டாது."

"நான் டாக்டர் இல்லடா, அக்கா. இனிப்பா இருந்துச்சா?"

"ம்."

டயானா சிரிக்கவில்லை. "எங்க அம்மாவும் ஏதாவது அரைச்சுக் குடுத்துக்கிட்டேதான் இருப்பாங்க. இந்த உருண்டைல மருந்துன்னு ஒண்ணும் இருக்கறதா நான் நினைக்கலைம்மா. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனா இவளைப் படுக்க வெச்சது அது இல்ல. இன்ஹேலரை நிறுத்தினதுதான். ஏன் நிறுத்தினீங்க?"

ஏன் என்று ஒருத்தர் கேட்டது இதுதான் முதல் தடவை. ஜானு அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். டயானா காகிதத்தில் நுரையீரல் வரைந்து காட்டினாள். வரைவது சுமார்தான். பாடம் நன்றாக நடத்தினாள்.

இதைக் கேட்க ஐசியூ வரைக்கும் வர வேண்டியிருக்கிறதா?

நவம்பர் 21, வியாழன்

வீடு. காலையும் மாலையும் இன்ஹேலர். உருண்டை பாட்டிலை ஜானுவே குப்பையில் போட்டாள். காப்பி சமையலறைக்குத் திரும்பிவிட்டது. ருசிக்கவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

ஆஸ்பத்திரியில் மறுபரிசோதனை. டயானா வேறு பிரிவுக்குப் போய்விட்டாளாம். புதியவர், நடுவயது. கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டார். "இன்ஹேலர் போகுதா? வேற ஏதாவது?"

"போகுது. வேற ஒண்ணும் இல்லை."

அத்தனையும் உண்மை. நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார். வெளியே வந்தோம். ஜானு மருந்து வாங்கப் போனதும் ஸ்நேஹா என் விரலைப் பிடித்து இழுத்தாள்.

"தாத்தா, இப்போ நிஜமாவே மிட்டாய் இல்லைதானே?"

"இல்லைடா கண்ணா."

"அப்போ அம்மா ஏன் என் கையை அமுக்கினா?"

கையைத் திருப்பிக் காட்டினாள். ஜானுவின் நகம் பதிந்த இடம் இன்னும் சிவப்பாக இருந்தது.