அண்ணன் பேருக்குத் தமுக்கு

12 மார்ச் 1943, வெள்ளி
வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. நோட்டுகள் திருத்தவில்லை. வாங்க: மண்ணெண்ணெய், கிணற்றுக் கயிறு.

பள்ளிக்கூட வாசலிலேயே மணியக்காரர். "டீச்சரம்மா, ஒங்கண்ணன் பினாங்குல. பவர் ஒங்க கையில. நெலத்துக்குக் கிஸ்தி நிக்கிது. ஞாயித்துக்கெழம தமுக்கு அடிச்சிருவேன். அப்பறம் ஏலந்தான்." பிள்ளைகள் வேடிக்கை பார்த்தன. பொம்பளைக்குப் பவர் எழுதியதே அந்த ஆளுக்குப் பொறுக்கவில்லை.

ஆரோக்கியம் அண்ணன் கப்பலேறும் முன் அரியலூரில் ரிஜிஸ்தர் செய்து என் கையில் திணித்த பத்திரம் அது, அவர் சார்பில் நான் நிலத்தைப் பார்த்துக்கொள்ள. விளைச்சல் அண்ணி வீட்டுக் குதிருக்கு. வரிக்கு மட்டும் நான்.

சனி
தலைவலி. அண்ணி வீட்டுக்குப் போனேன். போயிருக்கக் கூடாது.

"நெல்ல வித்துப் பணம் தாங்க அண்ணி, கட்டிடறேன்."

"தர மாட்டேன். போன தவணை ரசீதுல ஒங்க பேருதான இருக்கு? நாளைக்கு நெலமும் என்னுதும்பீங்க."

கட்டுகிறவர் பேரில் ரசீது எழுதுவது மணியக்காரர் வழக்கம். ரசீது யார் பேரிலோ நிலம் அவருக்கு என்பது ஊர் நினைப்பு. விளக்கினேன். காதில் ஏறவில்லை.

என் சம்பளத்தில் கட்டினால் திருடி. கட்டாவிட்டால் அண்ணனுக்குத் துரோகி. இவளை எனக்கு என்றுமே பிடித்ததில்லை. தபசுக் காலம். கறியை விட முடிகிறது, கோபத்தை விட முடியவில்லை.

ஞாயிறு
பூசை முடிந்து ஜனம் வெளியே வரும் நேரம். கோயில் முக்கிலேயே தமுக்கு. வேண்டுமென்றே.

"பினாங்கு போன ஆரோக்கியம் நெலத்துக்குக் கிஸ்தி பாக்கி! கட்டலேன்னா ஏலம்!"

மானம் போயிற்று. முக்காட்டை இழுத்துவிட்டேன். அண்ணி நடு வீதியில் நின்றாள். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன்.

சப்பான்காரன் பினாங்கைப் பிடித்த பிறகு கடிதம் இல்லை. அன்றிலிருந்து அண்ணன் பேரை எங்கள் முன்னால் யாரும் சொல்வதில்லை. நாங்களும்.

அண்ணி தமுக்குக்காரரிடம்: "இன்னொருக்கா சொல்லுங்க."

சொன்னார்.

திங்கள்
விடிந்ததும் அண்ணி, பணத்தோடு. "ரசீது அவரு பேர்லதான் இருக்கணும்." உட்காரச் சொல்லவில்லை. அவளும் உட்காரவில்லை. மணியக்காரர் வீட்டுக்கு முன்னும் பின்னுமாக நடந்தோம்.

அவர் பேனாவை எடுக்கவில்லை. "ஆளு இருக்காரா இல்லியான்னே தெரியல. இல்லேன்னா ஒங்க பவரே செல்லாது. அவரு பேர எப்புடி எழுத?"

"இருக்காரு" என்றேன்.

"இருக்காரு, எழுதுங்க." அண்ணி, என்னைவிடச் சத்தமாக.

எழுதினார்.