பருமல் முடிச்சு

ஜூன் 9

அன்புள்ள குள்ளா,

நலமா? கப்பலில் காற்றும் சோறும் ஒழுங்காகக் கிடைக்கிறதா? பாய்மர உச்சியில் உட்கார்ந்தவனைக் கரையில் கயிற்றுக் கிடங்கில் முக்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். பழைய கயிற்றையெல்லாம் பிரித்துப் பஞ்சாக்குகிறேன். கப்பல் பலகை இடுக்கில் அடைக்கவாம். "கீழ விழுற பயமாவது இல்லையே" என்கிறாள் என் பெண்டாட்டி.

நம் கப்பல் சமையல்காரரை அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். உடைந்த கால் இன்னும் கூடவில்லை. பாயைத் தாங்கும் குறுக்குமரம், அந்தப் பருமல், கட்டு அவிழ்ந்து அவர்மேல் விழுந்தபோது நான் காய்ச்சலில் கிடந்தேன். முந்தின நாள் அதைக் கட்டியதே எனக்கு நினைவில்லை. "நீதான்டா கட்டினே, ஜுரத்துல மறந்துட்டே" என்று நீ சொல்லித்தான் தெரியும். நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இந்தக் கையைப் பார்த்தாலே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

கேப்டனிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்லேன். மேலே ஏறாமல் சோறே இறங்கமாட்டேன் என்கிறது.

உன்,
நொட்டாங்கை


ஜூலை 2

அட நொட்டாங்கை,

கையை வெறுக்கிறானாம்! கை என்னடா பாவம் செய்தது? போனது போகட்டும், விடு. உன் பேச்சை எடுத்தாலே கேப்டன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பாய்மர வேலைக்கு என்னையே தலைவனாக்கிவிட்டார். வேண்டாம் என்றுதான் சொன்னேன், கேட்டால்தானே.

பழைய கயிற்றையெல்லாம் கழற்றி வேறொரு கப்பலில் கரைக்கு அனுப்பிவிட்டு, புதுசு கட்டியாச்சு. சமையல்காரர் வீட்டுக்கு அடிக்கடி போகாதே, யாருக்கு என்ன லாபம்? வரும்போது உன் மகளுக்கு நல்ல சட்டை வாங்கிவருகிறேன்.

என்றும் உன்,
குள்ளன்


ஆகஸ்ட் 14

ஐயா,

நீங்கள் அனுப்பிய பழைய கயிறு எங்கள் கிடங்குக்குத்தான் வந்து சேர்ந்தது. பச்சைச் சாயம் ஒட்டிய துண்டு ஒன்று கையில் அகப்பட்டது. கப்பலிலேயே பச்சை பூசியது, விழுந்த அந்த ஒரு பருமல்தான். முடிச்சின் முனை உருவியிருந்தது. மிச்சச் சுற்றுகள் தாரில் இறுகி அப்படியே இருந்தன. எல்லாம் வலப்பக்கச் சுற்று.

நான் கட்டினால் எல்லாம் இடப்பக்கம் போகும். "உன் முடிச்சைக் கண்ணாடியில பாத்துத்தான் அவுக்கணும்" என்று இத்தனை வருஷம் சிரித்தது யார்? கடைசி முடிச்சைப் போடாமல் சோம்பலாக இறங்கிவிடுவது யார்? எத்தனை தடவை உங்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஏறி அதைப் போட்டிருக்கிறேன். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். ஏற ஆள் இல்லை.

சமையல்காரரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் இடது கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"தப்புப் பண்ணிட்டேன்டா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பாவி, அந்தப் பழியை நானே சந்தோஷமாக ஏற்றிருப்பேனே! கீழே கயிற்றை நீ பிடித்திருக்கிறாய் என்ற தைரியத்தில்தானே அத்தனை உயரம் ஏறினேன்? என் கையை நம்பாமல் உன் வாயை நம்பினேனே!

கப்பல் வரும் அன்று நானும் சமையல்காரரும் துறையில் நிற்போம். முடிச்சு அவர் கையில் இருக்கும். கேப்டனிடம் நீங்கள் சொல்கிறீர்களா, அவர் சொல்லட்டுமா என்பது உங்கள் விருப்பம்.

என் மகளுக்குச் சட்டை வேண்டாம்.

இப்படிக்கு,
பாய்மரக்காரன்