ஆறாம் வரிசைப் போத்தல்கள்

நவம்பர் 7, வியாழன். தூறல்.
கந்தசஷ்டிக் கடைசி நாள். ஐந்து நாளாகப் பாலும் பழமும், இன்று அதுவும் இல்லை. ஆனால் வேலை உண்டு: செய்ன் ஆறு கடலில் விழும் இடத்தில், படகில், மரினின் ஆராய்ச்சிக்குத் தண்ணீர் அள்ளல். அவள் கலாநிதிப் பட்ட மாணவி. நான் போத்தல் கழுவும் உதவியாளன். (எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் என் பதவி 'விஞ்ஞானி'. வதந்தியைக் கிளப்பியவனும் நானே.)
முறை: குமிழி இல்லாமல் நிரப்பு. நாலு சொட்டு நஞ்சு. மூடி இறுக்கு. நஞ்சு விட்டால் தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்கள் அப்போதே சாகும். விடாவிட்டால் போத்தலுக்குள்ளும் நைதரசனைத் தின்று வாயு விட்டபடியே இருக்கும். கணக்குப் பிழைக்கும்.
முருகன் முடித்தது ஒரு சூரனை. நான் ஆறு வரிசைப் போத்தலில் கோடிக்கணக்கில். விரதக்காரன்!
கடைசி வரிசையில் கண் இருட்டியது. ஆடியது படகா, நானா, தெரியாது.

நவம்பர் 12, செவ்வாய். குளிர்.
மரின் துள்ளுகிறாள். ஆறாம் வரிசையில் நைதரஸ் ஒட்சைட்டு, அதாவது பல்வைத்தியரின் சிரிப்பு வாயு, மற்றவற்றைவிடப் பலமடங்கு. வெள்ளிக்கிழமை பேராசிரியர் முன் அறிவிக்கப்போகிறாள்.
பிற்பகல் படகுப் பெட்டியைக் கழுவினேன். நஞ்சுக் குப்பியில் மிச்சம். ஆறு வரிசைக்கு அளந்து கொண்டுபோனது. மிச்சம், சரியாக ஒரு வரிசைக்கு.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 13, புதன்.
வாங்க: முருங்கைக்காய், ஒடியல் மா, தலையிடிக் குளிசை.
கடைக்கார யோகன், சனத்துக்கு முன்னால்: "விஞ்ஞானி அண்ணை, என்ன முகம் செத்துக் கிடக்கு? கண்டுபிடிச்சதைத் துலைச்சுப்போட்டியளோ?"
"இல்லையடா. துலைச்சதைக் கண்டுபிடிச்சிட்டன்."
என் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. நீட்ட மரினின் ஒரு வார்த்தை வேண்டும். சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அவள் பெயர்.
மனைவியிடம் கொட்டினேன். தோசையைத் திருப்பியபடியே: "விரதம் பிடிச்சது நீங்கள். பலன் அந்தப் பிள்ளைக்கோ? நாளைக்கே சொல்லுங்கோ. சாப்பிட்டிட்டுப் போய்ச் சொல்லுங்கோ."

நவம்பர் 14, வியாழன்.
ஐந்து இட்லி. மெட்ரோவில் நெரிசல். மரினின் கதவுவரை இருமுறை போய்த் திரும்பினேன். இடையில் ஏற்கெனவே கழுவிய நாற்பது போத்தல்களை மறுபடி கழுவினேன்.
சொன்னேன்.
"வேறு யாருக்குத் தெரியும்?"
"என் மனைவிக்கு."
என்னைப் பார்க்கவில்லை. கணினியில் வரைபடத்தைத் திறந்து, ஆறாம் வரிசையைப் புள்ளி புள்ளியாக நீக்கினாள். மலை போயிற்று. வெறும் கோடு.
பிறகு ஆய்வுகூடப் பதிவேட்டை எடுத்தாள். பேராசிரியர் வாசிக்கும் பதிவேடு. திகதி எழுதினாள், பிழை எழுதினாள்.
"காரணம்?"
விரதம், முருகன், சூரன்... எங்கே தொடங்குவது? "பசி" என்றேன்.
அப்படியே எழுதி, என் பக்கம் தள்ளி, கையெழுத்து வைக்கச் சொன்னாள்.
வைத்தேன், கோணல்மாணலாக. இன்று சாப்பிட்டுத்தான் போயிருந்தேன்.