பிள்ளைக்கு நேர்ந்த மொட்டை

அப்பா,

இன்று காலை தண்ணீர்மலைக் கோயில் அடிவாரத்தில், மொட்டை அடிக்கும் கொட்டகையைத் தாண்டும்போது அந்த வாசம் மூக்கில் ஏறியது. குழைத்த சந்தனமும் ஈரத் தலையும் கலந்த வாசம். கால் தானாக நின்றுவிட்டது. நீங்கள் போனபின் இது இரண்டாவது தைப்பூசம். இருந்தும் அந்தக் கூட்டத்தில் உங்கள் தலை தெரிகிறதா என்று தேடினேன். பைத்தியம்தான்.

நம் பாயான் பாரு வீட்டில் எல்லாரும் என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்ட காலம் அது. எனக்குப் பதினாறு வயது. நான் பெண் என்று உங்களிடமும் அம்மாவிடமும் சொல்லிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. நீங்கள் திட்டவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. நான் முடி வளர்ப்பதை மட்டும் கண்டும் காணாமல் விட்டீர்கள். குரல் உடைந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் அரும்பு மீசையைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். தோழி ஒருத்தி கொடுத்த ஹார்மோன் மாத்திரைகளை எந்த டாக்டரையும் கேட்காமல் விழுங்க ஆரம்பித்தேன். ஒரு நாள் குளியலறையில் மயங்கி விழுந்தேன். நீங்கள்தான் கதவை உடைத்துத் தூக்கினீர்கள்.

மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "இத யாருகிட்டயும் கேக்காம சாப்பிட்டியா? அப்பன்னு ஒருத்தன் உசுரோட இருக்கேன்ல?" என்றீர்கள். அந்தக் கோபத்தில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உங்களிடம் சொன்னதே இல்லை.

அதற்கப்புறம் உங்கள் மோட்டாரின் பின்னால் உட்கார்ந்து கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கினோம். ஃபேக்டரி ஷிப்டு முடித்து, சீருடைகூட மாற்றாமல் வருவீர்கள். கெலுகோரில் ஒரு டாக்டர், நான் சொல்லி முடிக்குமுன்பே கையை விரித்துவிட்டார். இன்னொருவர் என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் உங்களிடம், "கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க, சரியாயிடும்" என்றார்.

"கோயிலுக்கு நாங்க போய்க்கிட்டுத்தான் இருக்கோம் டாக்டர். மருந்துக்குத்தான் இங்க வந்தோம்."

வெளியே வந்து இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் அழுதேன். நீங்கள் ஹெல்மெட்டை என் தலையில் மாட்டிவிட்டு, "அடுத்த இடம் பாப்போம் லா" என்றீர்கள்.

அந்த அடுத்த இடம்தான் ஜார்ஜ்டவுன் டாக்டரம்மா. என் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் டாக்டர். ரத்தம் எடுத்துப் பார்த்தார். அந்த மாத்திரைகளை உடனே நிறுத்தச் சொன்னார். "பதினெட்டு ஆகாம ஹார்மோன் ஆரம்பிக்க மாட்டேம்மா. ஆனா அதுவரைக்கும் நீ தனியா இல்ல. மாசா மாசம் வா, பேசலாம்" என்றார். எனக்கோ பதினெட்டு என்பது ஒரு யுகமாகத் தெரிந்தது. மறுபடி அந்தத் தோழியிடம் போய்விடுவேனோ என்று உங்களுக்குப் பயம். எனக்கும்தான்.

அந்தப் பயத்தில்தான் நீங்கள் வேண்டிக்கொண்டீர்கள். அதுவரை நான் பத்திரமாக இருந்து, டாக்டர் கையால் மருந்து கிடைத்தால், பிள்ளைக்கு மொட்டை. நான் பிறந்தபோதும் இதையேதான் வேண்டினீர்களாம். பழகிய வாய், யோசிக்காமல் சொல்லிவிட்டது.

பதினெட்டு முடிந்ததும் கிடைத்தது, அப்பா. மருந்து கையில் வந்த அன்று சாப்பாட்டுக் கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கிக்கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கி அந்த வேண்டுதலைச் சொன்னீர்கள். என் முடி அப்போதுதான் தோளைத் தொட்டிருந்தது.

"உங்களுக்கு வேண்டிக்க வேற எதுவுமே கிடைக்கலையா?" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"சாமிகிட்ட சொல்லிட்டேன் லா. இப்ப என்ன செய்யிறது?" என்று மீயைக் கிளறிக்கொண்டே இருந்தீர்கள்.

தைப்பூசத்தன்று கொட்டகையில் நான் பால்குடத்தோடு, ஒரு கையால் முடியைப் பற்றிக்கொண்டு நின்றேன். நீங்கள் சட்டையைக் கழற்றிவிட்டு நாவிதர் முன்னால் உட்கார்ந்தீர்கள்.

"பிள்ளைக்குன்னு சொன்னீங்களே அண்ணே?" என்றார் அவர்.

"பிள்ளைக்குத்தான். தலை மட்டும் என்னோடது."

தலை நிறையச் சந்தனத்தோடு எழுந்து, "குடத்த நேரா பிடிம்மா" என்றீர்கள். அதுவரைக்கும் தம்பிதான். அன்றுதான் 'ம்மா'. உங்கள் பின்னாலேயே படியேறினேன். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

மறு வருடமே மாரடைப்பு உங்களைக் கொண்டுபோய்விட்டது.

இன்று அதே கொட்டகையில் நான் திகைத்து நிற்பதைப் பார்த்து ஒரு நாவிதர் நிமிர்ந்தார். என்னை மேலும் கீழும் பார்க்கவில்லை. வரிசையில் நின்ற எல்லாப் பெண்களிடமும் கேட்டதையே என்னிடமும் கேட்டார்.

"பூமுடியாம்மா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பூமுடி, அப்பா. பெண்கள் முடி நுனியில் மூன்று விரல் அளவு கொடுத்தால் வேண்டுதல் தீர்ந்தது. அன்று அது நம் இருவருக்கும் தோன்றவே இல்லை. மகனுக்கு வேண்டிப் பழகியவர் நீங்கள். முடி போய்விடுமே என்ற பயத்தில் இருந்தவள் நான். மூன்று விரல் முடி போதுமாயிருந்த இடத்தில், உங்கள் தலை முழுவதையும் கொடுத்துவிட்டு வெயிலில் படியேறினீர்களே.

"ஆமாங்க" என்று உட்கார்ந்தேன். மூன்று விரல் போனது. மிச்சம் முதுகு வரை இருக்கிறது. அதைப் பின்னிப் போட்டுக்கொண்டு படியேறினேன். அடுத்த வாரம் டாக்டரம்மாவைப் பார்க்கப் போகவேண்டும். உங்கள் மோட்டாரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். ஹெல்மெட்டுக்குக் கீழே பின்னல் காற்றில் ஆடும்போதெல்லாம், அது நீங்கள் கொடுத்தது என்று நினைத்துக்கொள்வேன்.