இரண்டாம் புயலுக்கு முன்

வியாழக்கிழமை காலை

அன்பு மகள் பூங்கொடிக்கு அம்மா எழுதிக்கொண்டது. புனேயில் உன் உடம்புக்கு ஒன்றுமில்லை, வேளைக்குச் சாப்பிட்டு ஆபீசுக்குப் போய் வருகிறாய் என்று நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், அதை முதலில் தெரிந்துகொள். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. தந்தி அடிக்கக் கம்பி இல்லை, போன் பூத்தின் கூரையே பறந்துவிட்டது, அதனால்தான் இத்தனை நாள் உனக்குச் சேதி இல்லை.

புயல் வரும் என்று உங்கள் வானிலை ஆபீஸ் ரேடியோவில் சொன்னது, சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வந்தது. அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. எங்கே போய் நிற்பது என்று காலனிக்காரர்களுக்குச் சொல்லத்தான் எந்த ஆபீசும் இல்லை. ஊரிலேயே தளம் போட்ட பெரிய கட்டடம் நீ அஞ்சாவது வரை படித்த பள்ளிக்கூடம்தான். அதில் பஞ்சாயத்துத் தலைவர் ராஜேந்திரன் போன மாதமே தன் விதைநெல்லையும் உரமூட்டையையும் அடுக்கிப் பூட்டிவிட்டார், வாத்தியார் மரத்தடியில் பாடம் நடத்துகிறார், கேட்பார் இல்லை. புயலன்று விடியற்காலையில் கதவைத் திறந்தார். நமக்காக என்று நினைத்துக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவருடைய மாடுகளை உள்ளே கட்டிவிட்டுத் திரும்பவும் பூட்டினார். காலனி முழுக்க அந்தச் சுவருக்கு வெளியே சாக்கைப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்தோம் பூங்கொடி, உள்ளே மாடு கத்துகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

காற்று வடக்கேயிருந்து அடித்தது. நம் வீட்டுக் கீற்று மொத்தமும் எழும்பித் தெற்கே சவுக்குத் தோப்புக்குள் போய் விழுந்ததைக் கண்ணால் பார்த்தோம். ஒன்பது பத்து மணி இருக்கும், திடீரென்று எல்லாம் நின்றது. ஒரு இலை ஆடவில்லை, வெயில்கூட லேசாக அடித்தது. பக்கத்து வீட்டுக் கல்யாணியின் புருஷன் முனிசாமி எழுந்து சாக்கை உதறிவிட்டு உன் அப்பாவைக் கூப்பிட்டான், "இன்னா அண்ணாத்த, காத்து ஓஞ்சிட்ச்சி, குந்திகினே கீற. நம்ம கீத்து அல்லாம் தோப்புல கீது, மேலத்தெருக்காரன் வந்து பொறுக்கினு பூட்டான்னா ஆகாசத்த பாத்துகினு படுக்க வேண்டியதுதான்." அவன் சொன்னதிலும் தப்பில்லை, கீற்றில் பேர் எழுதியா இருக்கிறது, முதலில் போகிறவன் எடுத்து வீட்டில் போட்டுக்கொள்வான். நான் உன் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். பொங்கலுக்கு வந்தபோது நீ சொன்னாயே, புயலுக்கு நடுவில் கண் என்று ஒன்று உண்டு, அது நம் தலைக்கு மேல் வரும்போது காற்று நிற்கும், அது கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும் என்று, அதைக் கத்திக் கத்திச் சொன்னேன். முனிசாமி சிரித்தான். "புயலுக்குக் கண்ணு கீதா? அப்ப மூக்குக் கண்ணாடி ஒண்ணு வாங்கிக் குடு. உம் பொண்ணு பூனாவுல கீது, புயலு இங்க கீது அண்ணி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், அந்த நேரத்திலும். உன் அப்பாவும் சிரித்துக்கொண்டே போனார்.

அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நம் ஜனங்களுக்குத் தெரிந்தது சித்திரை மாதத்து இடிமழைதான். மத்தியானம் வரைக்கும் தரை காயும், அந்தச் சூட்டில் மேற்கே மேகம் கோபுரம் மாதிரி எழும்பும், சாயங்காலம் திருக்கழுக்குன்றத்து மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்து முதலில் ஒரு குளிர்காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும், பிறகு இடி, பிறகு மழை, கொஞ்ச நேரத்தில் நட்சத்திரம் தெரியும். அதில் காற்று நின்றால் நின்றதுதான், அப்புறம் வெளியே போய் மாங்காய் பொறுக்கலாம். தாழ்வு மண்டலத்து மழையும் பழக்கம்தான். அது ஆட்டாது அசைக்காது, வந்து தங்கி நாள்கணக்கில் ஊற்றும், மேலே ஒரு ஏரி உடைந்தால் அந்தத் தண்ணீர் வந்து அடுத்த ஏரியை உடைக்கும், ஆனால் தண்ணீர் ஏறுவது கண்ணுக்குத் தெரியும், சட்டி பானையை எடுத்துக்கொண்டு நகரலாம். புயல் இந்த இரண்டு மாதிரியும் இல்லை. கடல் சூட்டில் ஆவி கிளம்பி, அந்த இடத்தை நிரப்பச் சுற்றிலுமிருந்து காற்று ஓடிவந்து சுழல்கிறது என்று நீ அரிசி களைகிற தண்ணீரில் கையை விட்டுச் சுற்றிக் காட்டினாய், நடுவில் பள்ளம் விழுந்தது, அதுதான் கண் என்றாய். அந்தப் பள்ளத்துக்குள்தான் முனிசாமி கீற்று பொறுக்கப் போனான்.

திரும்பக் காற்று தெற்கேயிருந்து வந்தது, கடல் இரைச்சலோடு. வடக்குக் காற்று ஒரு பக்கம் சாய்த்து வேர் இளகி நின்ற சவுக்கு எல்லாம் இந்தப் பக்கம் புரண்டது. முனிசாமிக்கு நெஞ்சில் விழுந்தது, அங்கேயே போய்விட்டான். உன் அப்பாவுக்கு வலது தொடை. அன்று முழுக்கத் தோப்பில் கிடந்தார், காற்று அடங்கின பிறகுதான் தூக்கி வந்தோம். மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருக்கிறது, தொடை பானை மாதிரி வீங்கியிருக்கிறது, ராத்திரி முழுக்க முனகுகிறார், பகலில் என்னைப் பார்த்தால் வலிக்கவில்லை என்கிறார். ஏரித் தண்ணீர் செங்கல்பட்டு ரோட்டை அறுத்துவிட்டது, ஆஸ்பத்திரிக்கு வழி இல்லை. மகாபலிபுரம் பக்கமிருந்து ஒரு சர்க்கார் ஜீப் மேலத்தெரு வரைக்கும் வந்தது. நான் குறுக்கே போய் நின்று இவரை ஏற்றிக்கொண்டு போங்கள் ஐயா என்றேன். "இது ஆம்புலன்ஸ் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். சாகாமல் கிடக்கிறவர்களைப் பற்றி அவர்களுக்குக் கேள்வி இல்லை.

இப்போது நான் எழுத உட்கார்ந்த காரணம் இதுதான். நேற்று டீக்கடை ரேடியோவில் வங்கக் கடலில் இன்னொன்று உருவாகியிருக்கிறது, புயலாக மாறும், நாளைக்குள் கரைக்கு வரும் என்றார்கள். எங்கே என்று சரியாகச் சொல்லவில்லை. தலைவரிடம் போய்ச் சாவி கேட்டேன். "ஒரு தபா வந்த எடத்துக்கு இன்னொரு தபா வராது, அது ஆந்திராவுக்குப் பூடும்" என்கிறார். அப்படி ஒரு கணக்கு உண்டா பூங்கொடி? கடல் எந்த ஊருக்குக் கொடுத்தோம் என்று பார்த்தா அனுப்புகிறது? உன் ஆபீசில் படம் வருமே, அதைப் பார்த்து இங்கேதான் வருகிறது என்று நீ ஒரு வரி சொன்னால் அதைக் காட்டி அவரிடம் கேட்கலாம் என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன். எழுதிக்கொண்டே வரும்போதுதான் புத்தியில் படுகிறது, இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஒரு வாரம் ஆகும், நீ எழுதி எனக்கு வர இன்னொரு வாரம். நம் வீட்டுக்குக் கூரை இல்லை. உன் அப்பாவால் ஒரு பக்கம் புரண்டு படுக்க முடியாது. நான் யாரைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மத்தியானம். காலையில் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனேன். இன்னும் ஒரு தடவை தலைவர் வீட்டு வாசலில் நின்று கேட்டேன். "மூட்டை நனஞ்சா நீ பதில் சொல்வியா? கலெக்டர் ஆபீஸ்லேருந்து ஆர்டர் வரட்டும், தொறக்கிறேன்" என்றார். என் புருஷன் நனைந்தால் யார் பதில் என்று கேட்டேன், நாயை அவிழ்த்துவிட்டார். திரும்பி வரும்போது கல்யாணி எதிரில் வந்தாள். புருஷனைப் புதைத்து நாலு நாள்கூட ஆகவில்லை, அவள் வீட்டுக் கடப்பாரை தோளில் இருந்தது. "நா பூட்டப் புடிச்சிக்கிறேன், நீ போடு அண்ணி. கை நடுங்குதுன்னா சொல்லு, நா போடறேன்" என்றாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம், நான்தான் போட்டேன். நாலே அடி, பூட்டு கொண்டியோடு வந்துவிட்டது. உன் அப்பாவைக் கட்டிலோடு தூக்கி வந்து உள்ளே வைத்திருக்கிறோம். காலனியில் முக்கால்வாசிப் பேர் வந்துவிட்டார்கள், மிச்சப் பேர் தலைவருக்குப் பயந்து வெளியே நிற்கிறார்கள், காற்று வந்தால் அந்தப் பயம் போய்விடும். மாடுகளைத் தலைவர் போன புயல் ஓய்ந்ததுமே ஓட்டிப் போய்விட்டார், மூட்டைகளை ஒரு ஓரமாக ஒழுங்காகத்தான் அடுக்கியிருக்கிறோம், ஒரு நெல்லைத் தொடவில்லை.

தலைவர் வந்து வாசலில் நின்று கத்திவிட்டு, போலீசுக்கு ஆள் அனுப்பியிருப்பதாகச் சொல்லிப் போனார். போலீஸ் முதலில் வருமா புயல் முதலில் வருமா தெரியாது. இந்தப் பழைய கட்டடம் தாங்குமா, அதுவும் தெரியாது, மேலே ஒரு விரிசல் இருக்கிறது, அதன் கீழே யாரையும் படுக்க விடவில்லை. உன் அப்பாவுக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டிருக்கிறது, காலையிலிருந்து இரண்டு தடவை உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார், வந்துகொண்டிருக்கிறாய் என்று பொய் சொன்னேன். நீ உடனே கிளம்பிவிடாதே, ரயில் எந்த ஊர் வரைக்கும் ஓடுகிறது என்று விசாரித்துவிட்டுக் கிளம்பு. ரோடு திறந்தால் முதல் வண்டியில் அவரைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோவேன், வீட்டில் இல்லையென்றால் அங்கே வந்து தேடு.

கல்பாக்கத்துக்குச் சைக்கிளில் போகிற பால்காரர் அப்பாசாமி காத்து நிற்கிறார், மழைக்கு முன்னால் இதைத் தபாலில் போட்டுவிடுகிறேன் என்கிறார். கடல் பக்கம் அடியிலிருந்து கறுத்து வருகிறது. நீ குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே, ராத்திரியில் வெறும் வயிற்றோடு படுக்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நீண்ட நாள் இருக்க வேண்டும் கண்ணே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீ கவர்மெண்டு வேலையில் இருக்கிறாய், சர்க்கார் கட்டடத்துப் பூட்டை உடைத்த பொம்பளை யார் என்று நாளைக்கு விசாரணை உன் வரைக்கும் வரலாம். தெரியாது என்று சொல்லாதே. எங்க அம்மா என்று சொல்.

இப்படிக்கு
உன் அம்மா
க. கன்னியம்மா