விரியில் விரித்த மேசைகள்

17 பிப்ரவரி 1998, செவ்வாய்

எங்கள் சாப்பாட்டுக் கடை ‘தோணி’ திறந்து மூன்று வாரமாகிறது. இன்று மதியம்தான் முதல்முறையாக ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. என் கூட்டாளி யோகராணி அக்காவின் நண்டுக் கறிக்காக ஒரு வங்கிக்காரர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் கையால் சாப்பிட்டார். பரோட்டா மாதிரி வீசிச் சுடும் என் ரொட்டி சானாய் மாவுதான் இந்த வெயிலில் சொன்னபேச்சுக் கேட்பதில்லை.

நகரத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் கேபிள்களில் இரண்டு பழுதாம். ஏர்கண்டிஷனைக் குறைக்கச் சொல்கிறது ரேடியோ. குறைத்தோம். எல்லாரும் வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டார்கள்.

20 பிப்ரவரி, வெள்ளி

சாயங்காலம் எல்லாம் ஒரேயடியாக நின்றுவிட்டது. விளக்கு, ஃப்ரிட்ஜ், புகையை இழுக்கும் விசிறி. எங்கள் கடையில் மட்டுமல்ல, குயின் தெரு முழுக்க. விசிறி இல்லாமல் உள்ளே அடுப்பு மூட்ட முடியாது. சமைத்து வைத்திருந்ததை மெழுகுவர்த்தி ஏற்றிப் பரிமாறினோம். வந்தவர்கள் ஏதோ திருவிழா மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

22 பிப்ரவரி, ஞாயிறு

வாரக்கணக்கில் ஆகுமாம்.

ஃப்ரீஸரில் இருந்த நண்டு, ஆட்டிறைச்சி எல்லாம் குப்பைக்குப் போயின. அக்காதான் அள்ளிப் போட்டார். வீட்டுக்கு வந்தால் ஜெயபாலன், “போதும் லா, யுவா. பழைய ஆபிசுல கேட்டுப் பாரு, திரும்ப எடுத்துக்குவாங்க” என்கிறார். கணவராக நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். தெரிகிறது. ஆனாலும் — மூணே வாரம்! வேலையை விட்டுட்டு வந்து மூணு வாரத்துல மூடிட்டுப் போகவா இவ்வளவு பாடுபட்டோம்? நான் போகமாட்டேன். போகவே மாட்டேன்.

24 பிப்ரவரி, செவ்வாய்

லெஸ்லி போன் செய்தாள். ஜன்னலோர மேசையில் தினமும் சாப்பிட்ட பெண். சரக்குக் கப்பல் கம்பெனியில் மேனேஜர். நகரம் இருண்டதும் அவர்கள் ஆபிசையே நகரத்துக்குத் தெற்கே, தொழிற்சாலைகள் நிறைந்த ‘விரி’ என்ற பகுதியில் இருக்கும் தங்கள் கிடங்குக்கு மாற்றிவிட்டார்களாம்.

“இங்கே சாப்பிட ஒன்றுமே இல்லை. இறைச்சி அடைத்த ‘பை’ பலகாரம் விற்கிற வேன் ஒன்று வருகிறது, அவ்வளவுதான். நீங்கள் எங்கே போய்விட்டீர்கள்?”

நாங்கள் எங்கே போனோம்? போனது அவர்களல்லவா! போனை வைத்த பிறகும் அதே நினைப்பு. சாப்பிடுகிறவர்கள் போன இடத்துக்கு நாங்களும் போனால் என்ன?

அக்காவிடம் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. “ஓம், போவம்.”

2 மார்ச், திங்கள்

நகரத்துக்கு வெளியே, மின்சாரம் இருக்கும் பக்குரங்காவில் ஒரு ரக்பி கிளப் தன் சமையலறையைக் கொடுத்தது. கவுன்சிலில் தற்காலிக அனுமதியும் கிடைத்தது. இன்று முதல் நாள். படுதோல்வி.

பிளாஸ்டிக் பெட்டிகளில் அடைத்துக்கொண்டு போனோம். ரொட்டி வழியிலேயே தோலாகிவிட்டது. கிடங்கு வாசலில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். நான் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பெட்டியைத் திணித்தேன். பாதிப் பேர் பை வேனுக்கே போய்விட்டார்கள். லெஸ்லி, பாவம், மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

கிளப்புக்குத் திரும்பி வந்து அண்டாக்களை இறக்கியதும் அக்கா வெடித்துவிட்டார்.

“யுவா, நான் கோயில் வாசல்ல அகதியா வரிசையில நிண்டு சோறு வாங்கினனான். கையில ஒரு பிள்ளை, மற்றக் கையில கோப்பை. குடுத்தவை நல்ல சனம்தான். ஆனா ஒருத்தரும் என்ர முகத்தைப் பாக்கேல்லை. இண்டைக்கு நீரும் பாக்கேல்லை, நானும் பாக்கேல்லை. இனி என்ர சாப்பாட்டுக்கு ஒருத்தரும் வரிசையில நிக்கக் கூடாது. இருத்தித்தான் குடுக்கவேணும்.”

இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் இதைச் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

“அப்போ மேசைய எடுத்துட்டுப் போவோம், அக்கா” என்றேன்.

4 மார்ச், புதன்

போனோம்! இருண்டு கிடந்த கடையிலிருந்து மேசை, நாற்காலி, வெள்ளை விரிப்பு, கண்ணாடித் தம்ளர், பீங்கான் தட்டு எல்லாவற்றையும் ஒரு லாரியில் ஏற்றினோம். லெஸ்லி கிடங்கின் சரக்கு மேடையை ஒழித்துக் கொடுத்தாள். தகரக் கூரைக்குக் கீழே, பெட்டிகளுக்கு நடுவே, எங்கள் தோணி.

பக்கத்திலேயே கேஸ் அடுப்பு வைத்து ரொட்டியை அங்கேயே வீசினேன். மாவு காற்றில் சுழன்றதும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சமோவாக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கைதட்டினார். அக்கா அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். “இருங்கோ.” அவருக்குத் தமிழ் எங்கே தெரியும்? இருந்தார்.

பச்சைச் சிப்பிக் கறி சட்டி வழித்துத் தீர்ந்தது. பை வேன்காரர்கூட வந்து உட்கார்ந்தார்.

7 மார்ச், சனி

கை வலி. சந்தோஷம்.

13 மார்ச், வெள்ளி

சுற்றியிருக்கும் தொழிற்சாலைகளிலிருந்தெல்லாம் வருகிறார்கள். சனிக்கிழமை இரவும் திறக்கச் சொல்லிக் கேட்டார்கள், திறக்கப்போகிறோம். பணக்காரர்கள் வசிக்கும் எப்சமிலிருந்து ஒரு டாக்டர் குடும்பம் வழி கேட்டுக் கேட்டு வந்து, பெயின்ட் ஃபாக்டரி ஆட்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்தது. பத்திரிகையில் ‘எங்கே சாப்பிடலாம்’ பக்கத்துக்கு எழுதுகிற பெண் வந்தாள். என்ன எழுதுவாளோ? அக்காவுக்குக் கவலையே இல்லை. “வடிவாச் சாப்பிட்டவள். அது காணும்.”

ஜெயபாலன் லீவு போட்டுவிட்டு வந்து தண்ணீர் ஊற்றினார். வீட்டுக்குக் கார் ஓட்டும்போது சொன்னார்: “நான் அன்னிக்குச் சொன்னது தப்பு, யுவா.” நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் விரலெல்லாம் மாவு.

27 மார்ச், வெள்ளி

நகரத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது. லெஸ்லியின் ஆபிஸ் திரும்பப் போகிறது. ஆனால் ஃபோர்க்லிஃப்ட்காரர் கேட்டார், “அப்போ நீங்களும் போய்விடுவீர்களா?”

அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இல்லையென்று தலையாட்டினோம்.

4 ஏப்ரல், சனி

குயின் தெருக் கடையை மறுபடி திறந்தோம். விரியிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள், குழந்தை குட்டிகளோடு, சர்ச்சுக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு. ஒருவரையும் நிற்க விடவில்லை. பக்கத்துக் கடைகளில் நாற்காலி இரவல் வாங்கினோம்.

23 ஆகஸ்ட், ஞாயிறு

இரண்டு கடைகளுக்கும் இன்று விடுமுறை. நானும் அக்காவும் வேறு யாராவது சமைத்ததைச் சாப்பிடலாம் என்று டெவன்போர்ட்டுக்கு ஃபெரி ஏறினோம். இந்த ஊரில் ஆகஸ்ட்தானே குளிர்காலம், நல்ல குளிர்.

எங்களுக்கு முன்னால் நின்ற ஆஸ்திரேலியத் தம்பதி, கயிறு கட்டுகிற ஆளிடம் இந்த ஊரில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டார்கள். அவன் யோசிக்கவேயில்லை. “தோணி. இரண்டு பெண்கள் நடத்துகிறார்கள். நகரத்தில் இடமில்லையென்றால் விரிக்குப் போங்கள், தூரம்தான், ஆனால் போங்கள்.”

நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் முழங்கையைக் கிள்ளினார்.

“சொல்லாதையும். பிறகு இண்டைக்கே சமைக்கக் கேப்பினம்.”

சொல்லிவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன், சிரிப்புத்தான்.